அந்தப் பெட்டியைத் திறந்தது தப்பா?

எங்கள் ஆபீசில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். நெல்லைச் சீமைக்காரர். என்னை விடப் பத்து வயது மூத்தவர். படத்தில் சண்டைக் காட்சி இல்லை என்றால் டிக்கெட் காசு தண்டம் என்பது அவர் கட்சி. அவர்தான் போன மாதம் செல்போனை என்னிடம் நீட்டி, "தம்பி, முக்கால் மணி நேரம்தான். உட்கார்ந்து பாரு. முதல்லேருந்து கடைசி வரைக்கும் அடிதடி. பிணத்துக்கும் மனுஷனுக்கும் சண்டை, மனுஷனுக்கும் மனுஷனுக்கும் சண்டை. நடுவிலே பாட்டு கிடையாது" என்றார்.

பார்த்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை பார்த்தேன். மூன்றாவது தடவை பார்த்த பிறகு எனக்கும் அண்ணாச்சிக்கும் சண்டை வந்துவிட்டது. டீக்கடையில் ஆரம்பித்து, லோக்கல் ரெயிலில் தொடர்ந்து, சயான் வரும் வரை ஓயவில்லை. அந்தச் சண்டையில் நான் சொல்ல நினைத்து, கூட்ட நெரிசலில் சொல்ல முடியாமல் போனதை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

தொடரின் பெயர் "தி வாக்கிங் டெட்". அமெரிக்க டெலிவிஷன் தொடர். ராபர்ட் கிர்க்மேன் என்பவர் 2003-ம் ஆண்டு முதல் எழுதிய படக்கதையைத் தழுவி எடுத்தது. 2010 அக்டோபர் 31-ந் தேதி தொடங்கி 2022 நவம்பரில் முடிந்தது. மொத்தம் 177 பகுதிகள். பெயரைத் தமிழில் சொன்னால் "நடைப்பிணங்கள்". இந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. ஆனால் செத்தவனை நாம் அப்படிச் சொல்வதில்லை. இரவு ஷிப்டு முடித்து, கண் செருகி, கால் போன போக்கில் வருகிறானே, அவனைத்தான் "நடைப்பிணம் மாதிரி ஆகிவிட்டான்" என்போம்.

இதிலே ஒரு விஷயம் இருக்கிறது. "ஜோம்பி" என்று வெள்ளைக்காரன் சொல்லும் இந்தப் பிணங்கள் முதன்முதலில் மனிதனைத் தின்னும் பிணங்கள் அல்ல. வேலை செய்யும் பிணங்கள்! ஹைட்டி நாட்டில் பிரெஞ்சுக்காரர்கள் கரும்புத் தோட்டம் போட்டு, ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைப் பிடித்து வந்து அடிமைகளாக உழைக்க வைத்தார்கள். செத்தாலாவது ஆவி சொந்த மண்ணுக்குத் திரும்பிப் போகும் என்பது அந்த அடிமைகளின் நம்பிக்கை. அதற்கும் வழியில்லாமல், செத்த பிறகும் மந்திரவாதி எழுப்பி வேலை வாங்குகிறான், புத்தி இல்லை, பேச்சு இல்லை, கூலி இல்லை. அதுதான் ஜோம்பி. 1929-ம் ஆண்டு வில்லியம் சீபுரூக் என்ற அமெரிக்கர் ஹைட்டியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதில் கரும்பு வயலில் கூலிக்கு விடப்பட்ட பிணங்களின் கதை வருகிறது. அந்தப் பிணங்களுக்கு உப்பு மட்டும் கொடுக்கக் கூடாதாம். உப்பு நாக்கில் பட்டால் தாங்கள் யார் என்பது ஞாபகம் வந்துவிடுமாம். "நீ சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறாய்?" என்று நம் ஊரில் ரோஷம் வரக் கேட்பதும், எங்கோ கிடக்கிற ஹைட்டிக்காரன் சொன்னதும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள்.

1932-ல் வந்த சினிமாவில் கூட இந்தப் பிணங்கள் சர்க்கரை ஆலையில்தான் வேலை செய்தன. 1968-ல் ஜார்ஜ் ரொமெரோ என்ற டைரக்டர் எடுத்த படத்தில்தான் பிணங்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்ன ஆரம்பித்தன. அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் அந்த வழியில்தான் போனார்கள். "தி வாக்கிங் டெட்" தொடரும் அப்படியே. உலகம் அழிந்துவிட்டது. செத்தவர்கள் எல்லாம் எழுந்து அலைகிறார்கள். கடித்தால் நாமும் அப்படி ஆகிவிடுவோம். மிச்சம் இருப்பவர்கள் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள்.

நான் பார்த்தது 5-வது பருவத்தின் முதல் பகுதி. 2014 அக்டோபர் 12-ந் தேதி வெளியானது. பெயர் "நோ சாங்சுவரி". புகலிடம் இல்லை என்று அர்த்தம். அன்று இரவு அமெரிக்காவில் ஏறத்தாழ 1 கோடியே 73 லட்சம் பேர் இதைப் பார்த்தார்கள். அந்தத் தொடரில் வேறு எந்தப் பகுதிக்கும் அவ்வளவு கூட்டம் கூடவில்லை. டைரக்டர் கிரெக் நிக்கோடெரோ. பிணங்களுக்கு மேக்கப் போடுகிற கைகாரரும் அவர்தான். எழுதியவர் ஸ்காட் கிம்பிள்.

டெர்மினஸ்

கதை நடக்கும் இடத்தின் பெயரைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டெர்மினஸ்! பல ரெயில் பாதைகள் வந்து சேரும் ஒரு பழைய யார்டு. நான் முதல் 4 வருஷம் சரக்கு ஷெட்டில் வேலை பார்த்தவன். தண்டவாளத்தைப் பார்த்தால் எனக்கு வீடு மாதிரி.

பெயரும் சும்மா வைத்த பெயர் அல்ல. கதை நடக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் பெரிய ஊர் அட்லாண்டா. 1837-ல் அங்கே ஊரே கிடையாது. வெஸ்டர்ன் அண்டு அட்லாண்டிக் ரெயில் பாதை இங்கே முடியும் என்று காட்டில் ஒரு முளை அடித்தார்கள். அதைச் சுற்றி முளைத்த ஊருக்கு "டெர்மினஸ்" என்றே பெயர். பிறகு மார்த்தாஸ்வில் என்று மாறி, 1840-களில் அட்லாண்டா ஆயிற்று. தண்டவாளம் பெற்ற பிள்ளை அந்த ஊர். மும்பையில் இருக்கும் நமக்கு "டெர்மினஸ்" என்ற வார்த்தையை விளக்க வேண்டியதில்லை. நம்மில் பாதிப் பேருடைய கதை ஒரு டெர்மினஸில் இறங்கியதில்தான் ஆரம்பிக்கிறது.

இருந்த இடம் அழிந்துபோய், ஒருவரை ஒருவர் பிரிந்து, தண்டவாளத்தின் மேல் நடந்து வருகிறார்கள் கதாநாயகன் ரிக்கும் அவன் கூட்டத்தாரும். வழியெல்லாம் போர்டு. "எல்லோருக்கும் புகலிடம், வந்து சேர்ந்தவர்கள் பிழைப்பார்கள்" என்று எழுதி, எந்தப் பாதையில் போனாலும் டெர்மினஸ் வரும் என்று படமும் போட்டிருக்கிறது. நம்பி வருகிறார்கள். வந்தவர்களைப் பிடித்து ஒரு மூடிய சரக்குப் பெட்டிக்குள் அடைத்துவிடுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் மனித மாமிசம் தின்பவர்கள்!

தண்டவாளத்தில் அவர்கள் நடந்து வரும் காட்சியை என்னால் கதையாகப் பார்க்க முடியவில்லை. 2020-ம் ஆண்டு மே 8-ந் தேதி ஜால்னாவிலிருந்து ஊர் போகத் தண்டவாளத்தில் நடந்து வந்த தொழிலாளர்கள், அவுரங்காபாத் பக்கம் அசந்து படுத்து, சரக்கு ரெயில் ஏறி 16 பேர் செத்தார்கள். பாதையில் ரொட்டிகள் கிடந்த படத்தை எல்லோரும் பார்த்தோம். தண்டவாளத்தைப் பிடித்து நடந்தால் எங்காவது ஒரு ஸ்டேஷன் வரும் என்பது ஏழைக்கு இருக்கும் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் கண்ணியாக வைத்துப் பிடிக்கிறவன் எப்பேர்ப்பட்டவன் என்று யோசித்தேன். அதனால்தான் இந்தப் பகுதியில் பிணங்களைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை.

கணக்குக் கேட்கும் கசாப்புக்காரன்

ரிக், கிளென், டாரில், பாப் என்ற நான்கு பேரையும் கை கட்டி, வாய் கட்டி, ஒரு எவர்சில்வர் தொட்டியின் முன்னால் முழங்காலிட வைக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் வரிசையில் வேறு நான்கு பேர். பின்னாலிருந்து ஒருவன் மட்டையால் மண்டையில் அடிக்கிறான். இன்னொருவன் கத்தியால் கழுத்தை அறுக்கிறான். ரத்தம் தொட்டியில் ஓடுகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கிளென். மட்டை ஓங்கியாகிவிட்டது.

அந்த நேரத்தில் அவர்கள் தலைவன் காரெத் உள்ளே வருகிறான். கையில் நோட்டு. "நேற்று எத்தனை குண்டு சுட்டீர்கள்?" என்று அந்தக் கசாப்புக்காரர்களிடம் கணக்குக் கேட்கிறான். ஒருவன் சொல்கிறான். இன்னொருவன் எண்ண மறந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கிறான். போய் எண்ணிக்கொண்டு வா என்கிறான் தலைவன்.

இந்த இடத்தில் அண்ணாச்சி செல்போனில் கொஞ்சம் தள்ளிவிடப் பார்த்தார். "பேச்சுத்தான் தம்பி, சண்டை இனிமேதான்" என்றார். நான் விடவில்லை. எனக்கு உடம்பு சில்லிட்டது இங்கேதான். நானும் கணக்கு எழுதிப் பிழைப்பவன். சரக்கு ஷெட்டில் பெட்டி வந்தால் நம்பர், சீல், லேபிள் எல்லாம் பார்த்து நோட்டில் ஏற்ற வேண்டும். ஒரு மூட்டை குறைந்தால் எங்கள் தலை உருளும். அதே மாதிரி சுத்தமாக, கோபம் இல்லாமல், ஆத்திரம் இல்லாமல், மனிதனை மூட்டையாக ஆக்கி நோட்டில் ஏற்றுகிறான் ஒருவன். ஆத்திரத்தில் வெட்டுகிறவனாவது ஒரு நாள் அழுவான். கணக்குப் பார்த்து வெட்டுகிறவன் அழ மாட்டான்.

பின்னால் கேரல் என்ற பெண் ஒரு அறைக்குள் போகிறாள். அங்கே செத்தவர்களின் சாமான்களை வகை பிரித்துக் குவித்து வைத்திருக்கிறார்கள். கைக்கடிகாரங்கள் ஒரு பக்கம், பொம்மைகள் ஒரு பக்கம். எங்கள் ஸ்டேஷன்களில் "காணாமல் போன சாமான்கள்" வைக்கும் அறை உண்டு. உள்ளே போனால் அப்படித்தான் இருக்கும். பொம்மை வைத்திருந்தது ஒரு குழந்தை அல்லவா? அந்தக் குழந்தையை இந்தப் பகுதியில் காட்டவில்லை. காட்டாமலே சொல்லிவிட்டார்கள்.

கேரல்

சண்டையைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அண்ணாச்சி கோபித்துக்கொள்வார். சண்டை முழுக்க இந்தக் கேரலுடையது. நடித்தவர் மெலிசா மெக்பிரைடு. நரைத்த குட்டை முடி, ஒல்லியான உடம்பு. கதையின் ஆரம்பத்தில் புருஷனிடம் அடி வாங்கி வாய் திறக்காமல் இருந்தவள். பிறகு அவள் செய்த ஒரு காரியத்துக்காக ரிக்கே அவளைக் கூட்டத்திலிருந்து துரத்திவிட்டான். துரத்தியவன் தொட்டியின் முன்னால் மண்டியிட்டுக் கிடக்கிறான். துரத்தப்பட்டவள் காப்பாற்ற வருகிறாள்.

எப்படி வருகிறாள்? பிணத்தின் ரத்தத்தையும் குடலையும் தன் மேல் பூசிக்கொண்டு, பிணக் கூட்டத்தோடு பிணமாக நடந்து வருகிறாள். தூரத்தில் நின்று கேஸ் டாங்கியைச் சுட்டு ஓட்டை போடுகிறாள். பிறகு ஒரு வாணத்தைக் கொளுத்தி அதைப் பார்த்து விடுகிறாள். டாங்கி வெடிக்கிறது. வேலி போகிறது. பிணங்கள் கூட்டமாக உள்ளே நுழைகின்றன. ஒரு வாணம்! சிவகாசிக்குப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் எங்களோடு பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எழுந்து நின்று விசிலே அடித்துவிட்டான். நானும் கை தட்டினேன், மறைப்பானேன்?

அந்தச் சத்தத்தில் கசாப்புக்காரர்கள் தடுமாற, ரிக் ஒளித்து வைத்திருந்த மரச் சிம்பால் கட்டை அறுத்துக்கொண்டு அவர்களை முடிக்கிறான். பிறகு ஓட்டம், துப்பாக்கி, புகை. சரக்குப் பெட்டியைத் திறந்து மற்றவர்களை விடுவிக்கிறார்கள். பெல்ட்டுக் கொக்கியையும் மரத் துண்டையும் தீட்டி ஆயுதமாக வைத்துக்கொண்டு உள்ளே தயாராக நிற்கிறார்கள் அவர்கள். வேலி ஏறித் தப்புகிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. முந்திய பருவத்தில் பாதி வரைக்கும் "டெர்மினஸ், டெர்மினஸ்" என்று ஆசை காட்டி இழுத்துவிட்டு, முக்கால் மணி நேரத்தில் அதைக் கொளுத்திவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள், எப்படித் தூங்கினார்கள் என்று இன்னும் இரண்டு பகுதி காட்டியிருக்கலாம். காட்டுக் குடிசையில் டைரீஸ் என்ற நல்ல மனிதன் கைக்குழந்தையைக் காப்பாற்ற வெறும் கையோடு பிணங்கள் நடுவே போகிறான். அந்தச் சண்டையைக் காட்டாமலே தாவிவிட்டார்கள். கழுத்தறுக்கும் காட்சி தேவைக்கு மேல் நீளம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைப் போடாதீர்கள். என் மனைவி அந்த நேரம் பார்த்து இட்லித் தட்டோடு வந்தவள், "என்னங்க இது கண்றாவி" என்று சொல்லித் தட்டோடு திரும்பிப் போய்விட்டாள்.

கிளென் செய்தது

இப்போது சண்டைக்கு வருகிறேன். எங்கள் சண்டைக்கு.

தப்பி ஓடும்போது நடுவில் ஒரு இடம். குண்டு பறக்கிறது. பிணங்கள் சூழ்ந்துவிட்டன. பக்கத்தில் இன்னொரு பெட்டிக்குள்ளிருந்து யாரோ தட்டிக் கத்துகிறார்கள். ரிக் நிற்க நினைக்கவில்லை. கிளென் நிற்கிறான். உள்ளே இருப்பவர்களையும் விட வேண்டும், நாம் இன்னும் அப்படிப்பட்டவர்கள்தான், அப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறான். சற்று முன்னால் கழுத்தின் மேல் மட்டை ஓங்கப்பட்டவன் சொல்கிற பேச்சு இது. திறக்கிறார்கள். உள்ளேயிருந்து முகமெல்லாம் பச்சை குத்திய ஒரு பைத்தியக்காரன் பாய்ந்து வருகிறான். நாம் எல்லோரும் ஒன்றுதான் என்று கத்துகிறான். அடுத்த நொடி ஒரு பிணம் அவனைக் கடித்துவிடுகிறது. அவ்வளவுதான்.

அண்ணாச்சி சிரித்தார். "பார்த்தியா தம்பி? இந்தக் கிறுக்குப் பயல் கிளென் நல்லவன் வேஷம் போட்டான். வந்தது என்ன? பைத்தியம். நேரம் வீண். அன்னிக்கு இரக்கப்பட்டவன் எவனும் உருப்படலை" என்றார். டைரீஸையும் இழுத்தார். குழந்தையின் கழுத்தை நெரிப்பேன் என்று மிரட்டிய மார்ட்டின் என்பவனை அடித்துக் கொன்றுவிட்டதாக டைரீஸ் சொல்கிறான். உண்மையில் கொல்லவில்லை. அந்த மார்ட்டின் பிழைத்து வந்து, அடுத்த பகுதியில் பாப் என்பவனின் காலை அறுத்துச் சுட்டுத் தின்ற கூட்டத்தில் இருக்கிறான். "இரக்கத்துக்குக் கூலி ஒரு கால்" என்றார் அண்ணாச்சி. அவர் பேச்சில் வலு இருக்கத்தான் செய்தது. எனக்கு உடனே பதில் வரவில்லை.

பதில் அந்தப் பச்சை குத்தியவனிடம் இருக்கிறது. அவன் யார்? மூன்றாவது தடவை பார்த்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பகுதியின் தொடக்கத்திலும் கடைசியிலும் "அப்போது" என்று போட்டுப் பழைய கதை காட்டுகிறார்கள். இந்தக் காரெத்தும் அவன் தாய் மேரியும் ஒரு காலத்தில் உண்மையாகவே புகலிடம் நடத்தியவர்கள். போர்டு எழுதியதும் உண்மையான எண்ணத்தோடுதான். அந்தப் போர்டைப் பார்த்து ஒரு ரவுடிக் கூட்டம் வந்தது. அவர்களையே பெட்டிக்குள் அடைத்துப் பெண்களை இழுத்துப் போய் நாசம் செய்தது. அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான் முகத்தில் பச்சை குத்தியவன். பிறகு இவர்கள் திருப்பி அடித்து இடத்தைப் பிடித்தார்கள். பிடித்த பிறகு போர்டைக் கழற்றவில்லை. போர்டு அப்படியே இருக்கட்டும், வருகிறவர்களைத் தின்போம் என்று முடிவு செய்தார்கள்.

கேரலின் துப்பாக்கி முன்னால் மேரி அம்மாள் சொல்கிற நியாயம் இது: நீ கசாப்புக்காரனாக இரு, இல்லாவிட்டால் மாடாக இரு, மூன்றாவது வழி இல்லை. அவள் நிற்கும் அறையில் மெழுகுவத்திகள் எரிகின்றன. செத்துப்போன தங்கள் ஆட்களுக்காக ஏற்றியவை. கோவில் மாதிரி இருக்கிறது. சுவரில் எழுதியிருக்கிறார்கள்: இனி ஒருபோதும் விடோம், யாரையும் நம்ப மாட்டோம், எப்போதும் நாமே முதல் என்று. தாங்கள் பட்ட துன்பத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு, பக்கத்து அறையில் அடுத்தவன் கழுத்தை அறுக்கிறார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. சொல்கிறேன்.

அப்பா 1982-ல் மெட்ராஸ் வந்து, ரெயில் ஏறி, தாதரில் இறங்கினார். கையில் ஒரு தகரப் பெட்டி, ஒரு விலாசம். விலாசத்துக்காரர் எங்கள் பக்கத்து ஊர்தான். அந்த ஊரில் அவரைப் புகலிடம் என்றே சொல்வார்களாம். எட்டுக்குப் பத்து அறையில் 11 பேரோடு படுக்க இடம் கொடுத்தார். கூலி வேலையும் வாங்கிக் கொடுத்தார். மூன்று மாதம் சம்பளத்தில் பாதியை வாங்கிக்கொண்டார். ஊருக்குப் பணம் அனுப்ப முடியாமல் பாட்டி அரிசிக் கடன் பட்டது அந்த மூன்று மாதத்தில்தான். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த மனிதரைத் திட்டித் தீர்ப்பார்.

பிறகு அப்பாவுக்கு ரெயில்வேயில் கலாசி வேலை கிடைத்தது. தாராவியில் சொந்தமாக ஒரு அறை பிடித்தார். ஊரிலிருந்து பையன்கள் வந்தார்கள். அப்பா அவர்களிடம் மூன்று மாதம் பாதிச் சம்பளம் வாங்கினார்! அம்மா ஒரு நாள் கேட்டாள். "நான் கொடுத்தேன்லா? அவனும் கொடுக்கட்டும்" என்றார். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். அந்தப் பையன்களில் ஒருவர் எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அப்பா கெட்டவர் அல்ல. தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர். ஆனால் அவருக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள், வாங்குகிறவனாக இரு, இல்லாவிட்டால் கொடுக்கிறவனாக இரு என்று.

வீட்டு விஷயத்தோடு நிற்கவில்லை இது. "நாமே முதல்" என்ற கோஷத்தை இந்த நகரத்தில் 1960-களின் கடைசியில் தென்னிந்தியர்கள் மேல் ஏவினார்கள். நம் பெரியவர்கள் பட்ட அடியும் அவமானமும் கொஞ்சமல்ல. 2008 அக்டோபரில் ரெயில்வே பரீட்சை எழுத வந்த வட இந்தியப் பையன்களை இதே நகரத்தில் ஓட ஓட விரட்டி அடித்தார்கள். அப்போது நம் தெருவிலேயே, 60-களில் அடி வாங்கிய ஒரு தாத்தா, "வாங்கட்டும், நாங்க வாங்கலையா?" என்றார். நான் என் காதால் கேட்டேன்.

சரி, நான் மட்டும் யோக்கியனா? டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். போன மழைக்காலத்தில் ஒரு பையன் வந்தான். பீகார்க்காரன். இந்தியும் அவன் ஊர்ப் பேச்சும் கலந்து ஏதோ கேட்டான். எந்த ஸ்டேஷன் என்று அவனுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பின்னால் நீள வரிசை. "போ, தெரிந்துகொண்டு வா" என்று கத்திவிட்டேன். நான் கத்திய வார்த்தை, அந்தக் குரல், எல்லாம் ஒரு காலத்தில் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று அப்பா கேட்டவை. அவர் வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். பையன் வரிசையை விட்டு நகர்ந்து, போர்டைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றான்.

ஆகவே அண்ணாச்சிக்கு என் பதில் இதுதான். பெட்டியைத் திறந்ததால் கிளென் ஏமாந்தது உண்மை. ஆனால் உள்ளே பைத்தியம் இருக்கிறது என்பது திறக்கும் முன்னால் அவனுக்கு எப்படித் தெரியும்? உள்ளே ரிக்கின் மகன் மாதிரி ஒரு பையன் இருந்திருந்தால்? திறக்காமல் ஓடினால், அவர்களுக்கும் காரெத்துக்கும் என்ன வித்தியாசம் மிச்சம் இருக்கும்? நோட்டு ஒன்றுதான் பாக்கி. அதுவும் போகப் போக வந்துவிடும்.

கிளென் யார் என்று பாருங்கள். கொரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பையன். உலகம் அழிவதற்கு முன்னால் வீடு வீடாகப் பீட்சா கொண்டு போய்க் கொடுத்தவன். நடித்த ஸ்டீவன் யூனும் சியோலில் பிறந்து, சிறு வயதில் பெற்றோரோடு கடல் தாண்டி வந்தவர்தான். நம் பிள்ளைகள் எத்தனை பேர் இன்று முதுகில் பெட்டி மாட்டிக்கொண்டு அதே வேலையைச் செய்கிறார்கள்! தொடரின் முதல் பருவத்தில், அட்லாண்டா தெருவில் பீரங்கி வண்டிக்குள் மாட்டிக்கொண்ட முன்பின் தெரியாத ரிக்கை ரேடியோவில் பேசி வெளியே கொண்டுவந்தவன் இந்தக் கிளென். அன்று அவன் அண்ணாச்சி மாதிரி நினைத்திருந்தால் கதாநாயகனே கிடையாது. 177 பகுதியும் கிடையாது.

கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திற என்றும் நான் சொல்லவில்லை. முதல் பகுதியிலேயே அதற்கும் வழி காட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து தள்ளாடி வந்த ரிக்கை மோர்கன் என்பவனின் சின்ன மகன் மண்வெட்டியால் அடித்துச் சாய்க்கிறான். மோர்கன் அவனைக் கட்டிலில் கட்டிப் போடுகிறான். உடம்பில் இருப்பது கடியா, குண்டுக் காயமா என்று கேட்கிறான். ஜுரம் இருக்கிறதா என்று பார்க்கிறான். பிறகு கட்டை அவிழ்த்துச் சாப்பாடு போடுகிறான். முதலில் கேட்டான், பிறகு போட்டான். மேரி அம்மாள் இல்லை என்று சாதித்த மூன்றாவது வழி இதுதான்.

ரிக் அந்த வழியை மறந்துகொண்டே வருகிறான் என்பதையும் சொல்லியாக வேண்டும். தொட்டியின் முன்னால் முழங்காலில் இருக்கும்போதே, சிவப்புக் கைப்பிடி போட்ட கத்தியால் உன்னைக் கொல்லுவேன் என்று காரெத்திடம் சொல்கிறான். தப்பி வெளியே வந்த பிறகும், திரும்பிப் போய் மிச்சம் இருப்பவர்களையும் முடிக்க வேண்டும் என்று நிற்கிறான். மற்றவர்கள்தான் தடுக்கிறார்கள். இரண்டு பகுதி தள்ளி, ஒரு மாதா கோவிலுக்குள், சொன்ன கத்தியாலேயே காரெத்தைக் கொத்திக் கொல்கிறான். அண்ணாச்சி அதற்கும் கை தட்டினாராம். நான் அந்தப் பகுதியையும் பார்த்தேன். எனக்குக் கை எழவில்லை.

இந்தப் பகுதியின் கடைசியில் ரிக், கைக்குழந்தையைத் திரும்ப வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறான். கேரலைத் துரத்தியவனே அவளைக் கட்டிக்கொள்கிறான். போகும் வழியில் போர்டில் "புகலிடம்" என்ற வார்த்தைக்கு முன்னால் "இல்லை" என்று சேற்றால் எழுதிவிட்டுப் போகிறான். அடுத்து வருகிறவன் ஏமாறக் கூடாது என்று நினைத்தானே, அதுவே பெரிய விஷயம். எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு முகமூடி போட்ட ஒருவன் அந்தப் போர்டு அருகே வந்து நிற்கிறான். முகமூடியைக் கழற்றுகிறான். மோர்கன்! அன்று கட்டை அவிழ்த்துச் சோறு போட்டவன். அண்ணாச்சி எழுத்து ஓடத் தொடங்கியதும் செல்போனை மூடிவிடுகிறவர். இதை அவர் பார்த்ததே இல்லை. நான் சொன்னபோது நம்பவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்து, எழுத்து ஓடி முடியும் வரை உட்கார்ந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். என் மனைவி ஒரே நிபந்தனை போட்டிருக்கிறாள். சாப்பிட்ட பிறகுதான் போட வேண்டுமாம்.